முட்டுக்கவை வைத்த மூங்கில் ஏணி

எட்டு மீட்டர் நீளமான மூங்கில் ஏணி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, காப்பிச் செடிகளுக்கு நடுவே, ஈரமான சரிவில், ஒரு சில்வர் ஓக் மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும். தராசில் வைத்து நிறுத்தால் அது 15 கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஆனால் முன்முனை செடியில் சிக்கும்போதும், பின்முனை மேட்டில் இடிக்கும்போதும், மரத்தடிக்கு வந்து அதை நிமிர்த்தும்போதும் அந்த 15 கிலோ இரண்டு மடங்காகக் கனக்கும். கொல்லிமலையில் சோளக்காட்டுக்கு அருகே என் தாய்மாமனுக்கு ஒரு சிறிய மிளகுத் தோட்டம் இருக்கிறது. தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை அங்கே பறிப்பு நடக்கும். நாற்பது ஆண்டுகளாக மாமா மூங்கில் ஏணியில்தான் ஏறி இறங்குகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில் ஏணியோடு சேர்ந்து விழுந்து இடது முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். ஏணியின் எடையைக் குறைக்க வழியுண்டா என்று நான் யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். எந்த இடத்தில் எவ்வளவு கனமான சட்டம் வைக்க வேண்டும், எந்த இடத்தில் குறைத்தால் வண்டி தாங்கும் என்பதுதான் எங்களுக்கு நாள் முழுவதும் பேச்சு. பாடியில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் வண்டிக்காரருக்குக் கூடுதலாக ஒரு கிலோ சரக்கு என்பதால், எடையைக் குறைப்பது எங்கள் தொழிலில் பழகிப்போன சிந்தனை. அந்தச் சிந்தனையை இத்தனை ஆண்டுகளாக என் மாமாவின் ஏணியிடம் கொண்டுபோகாமல் இருந்தேனே என்பது இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அவர் விழுந்தது ஏணியின் உச்சியிலிருந்து அல்ல. அன்றைக்குக் கடைசி மரம் அது. மேலே பறித்து முடித்து, மிளகுச் சரங்கள் நிறைந்த மடிச்சாக்கு இடுப்பில் கனக்க, இறங்கிக்கொண்டிருந்தார். தரைக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது இடதுபக்கப் படியில் முழு எடையையும் வைத்து, வலது கையை நீட்டி விடுபட்ட ஒரு சரத்தை எட்டிப் பறித்திருக்கிறார். ஒற்றை மூங்கில் தன்னைத்தானே உருட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி நழுவிவிட்டது. காலையில் அதே காரியத்தைச் செய்திருந்தால் அவருடைய உடம்பு சட்டென்று சுதாரித்துக்கொண்டிருக்கும். அன்று பகல் முழுவதும் அந்த ஏணியைத் தூக்கித் தூக்கி நிறுத்திய தோள் அந்த நேரத்தில் ஓய்ந்துபோயிருந்தது. மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “ஏறுறதுல ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. தூக்கறதுலதான் உசுரு போயிடுது.” விழுந்ததற்குக் காரணமாக அவர் வழுக்கலைச் சொல்லவில்லை, சுமையைச் சொன்னார் என்பது என் மனத்தில் அப்படியே நின்றுவிட்டது.

மிளகுத் தோட்டத்து ஏணிக்கு ஒரே ஒரு தண்டுதான் உண்டு. வீட்டில் வெள்ளையடிக்கப் பயன்படுத்தும் ஏணிபோல இரண்டு சட்டங்களும் நடுவில் பழுக்களும் வைத்துச் செய்தால், கிளைகளுக்கும் கொடிக்கும் நடுவே அதை நுழைக்க முடியாது. சரிவில் இரண்டு கால்களையும் ஒரே மட்டத்தில் ஊன்றவும் முடியாது. ஒற்றைத் தண்டுக்கு ஒரே ஓர் ஊன்றுகுழி போதும். மூங்கிலில் கணுவுக்குக் கணு துளையிட்டு, இருபுறமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்படி குச்சிகளைச் செருகினால் அதுவே படி. சில இடங்களில் துளையே இடாமல், கணுவில் கிளைத்த கொம்புகளைக் கால் வைக்கும் அளவுக்கு விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுவார்கள். கண்ணேணி என்று இதற்குப் பழைய பெயர் உண்டு. கண் என்பது இங்கே மூங்கிலின் கணு. மலைபடுகடாத்தில் தேன் எடுப்பதற்காக நெடுவரையில் நிறுத்திய மால்பு வருகிறது. அதற்கு உரைகாரர்கள் கண்ணேணி என்றே பொருள் சொல்கிறார்கள். இந்த மலையில் ஏணியை இன்னும் அப்படித்தான் செய்கிறோம் என்று எண்ணும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கும் ஒரு வடிவத்தில் மாற்றம் செய்யப் புகுமுன் அது ஏன் நிலைத்தது என்று புரிந்துகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

ஏணி இவ்வளவு நீளமாக ஆனது அண்மைக் காலத்தில்தான். முன்பு மிளகுக் கொடியைப் பெரும்பாலும் கல்யாண முருங்கையில்தான் ஏற்றியிருந்தார்கள். அது அவ்வளவு உயரம் போகாது, போனாலும் கவாத்து செய்து அடக்கிவிடலாம். 2000-களின் நடுவில், இலையிலும் குருத்திலும் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் ஒரு சிறு குளவி தென்னிந்தியா முழுவதும் பரவி அந்த மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. எங்கள் தோட்டத்திலும் வரிசை வரிசையாக மரங்கள் போயின. அவற்றின் இடத்தில் நட்டதெல்லாம் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த இந்த மரம் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்குப் பற்றுமரமாகவும் நன்றாகவே உதவுகிறது. ஆனால் அது நேராக மேலே மேலே போகும், கொடியும் கூடவே போகும். மரம் வளர வளர ஏணி நீண்டது, ஏணி நீள நீள மூங்கில் பருத்தது. மாமா இளைஞராக இருந்தபோது ஐந்து மீட்டர் ஏணியைச் சுமந்தார். அறுபதைத் தொடும் வயதில் எட்டு மீட்டர் ஏணியைச் சுமக்க வேண்டியதாயிற்று.

நீளத்தோடு எடை ஏன் இவ்வளவு கூடுகிறது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மாமாவின் உடல் எடையும் மடிச்சாக்கும் சேர்த்து 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எட்டு மீட்டர் ஏணியின் அடி, மரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஊன்றப்பட்டிருக்கிறது. அதாவது நான்குக்கு ஒன்று என்ற வழக்கமான பாதுகாப்புச் சாய்வு. அந்தச் சாய்வில் 75 கிலோ எடை இரண்டாகப் பிரிகிறது: சுமார் 73 கிலோ தண்டின் வழியாகவே தரையை நோக்கி இறங்குகிறது, 19 கிலோ தண்டுக்குக் குறுக்காக அதை மரத்தை நோக்கி அழுத்துகிறது. இழுவையாக இருந்தால் அந்த 73 கிலோவைத் தாங்க ஒரு மெல்லிய எஃகுக் கம்பி போதும். ஆனால் அந்த 19 கிலோ எட்டு மீட்டர் நீளத்தின் நடுவில் விழும்போது தண்டை வளைக்கப் பார்க்கிறது. வளையாமல் இருப்பதற்காகத்தான் மூங்கில் கைக்கு அடங்காத பருமனில் தேவைப்படுகிறது. மனிதனைத் தாங்குவதற்காக அல்ல, வளையாமல் இருப்பதற்காகவே ஏணி தன் எடையில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. இது புரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வளைவை வேறு வழியில் தடுத்துவிட்டால், அந்த எடைக்கு அங்கே வேலையே இல்லை.

வளைவே இல்லாத ஏணி ஒன்று உண்டு, அது மேலிருந்து தொங்கும் ஏணி. நீலகிரியில் மலைத்தேன் எடுக்கும் குறும்பர்கள் காட்டுக்கொடிகளால் பின்னிய ஏணியைப் பாறை உச்சியிலிருந்து தொங்கவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அதில் எல்லாமே இழுவைதான். ஆகவே அவ்வளவு நீளமான ஏணியையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ள முடிகிறது. அதே தத்துவத்தை 1930-களை ஒட்டிப் பிரான்சில் குகை ஆய்வாளர் ராபர்ட் த ஜொலி வேறு பொருள்களில் செய்தார். அதுவரை ஆழமான குகைகளில் இறங்குவோர் தடித்த கயிறும் மரப்படிகளும் கொண்ட ஏணிகளைச் சுமந்து சென்றார்கள். நனைந்துவிட்டால் அவை இன்னும் கனக்கும். த ஜொலி கயிற்றுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பிவடமும், மரப்படிக்குப் பதில் எலக்ட்ரான் என்ற மக்னீசியக் கலப்பு உலோகக் குழாய்களும் வைத்தார். குகைக்காரர்களிடையே அந்த ஏணிக்கு எலக்ட்ரான் ஏணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதைப் படித்தபோது முதலில் எனக்கு மிகுந்த ஆசை உண்டாயிற்று. ஆனால் மிளகு மரத்துக்கு அது ஒத்துவராது. தொங்கும் ஏணியை மாட்ட ஒருவர் முதலில் மேலே ஏற வேண்டும். மாட்டினாலும் அது கொடியின் மேலேயே உரசிக்கொண்டு ஆடும். ஆடும் ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தால் சரத்தைக் கிள்ள மறு கை ஒன்றுதான் மிஞ்சும். சாய்த்து வைக்கும் ஏணிதான் வேண்டும், ஆனால் அது வளையக் கூடாது.

விடை எனக்குக் கிடைத்தது பரமத்திவேலூர்ப் பக்கத்து வாழைத்தோட்டம் ஒன்றில். பூவன் குலை தள்ளிய மரங்களுக்கெல்லாம் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். கனத்த தாரின் பாரத்தில் தலைகுப்புற வளைய வேண்டிய மரம், கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு கவைக்கொம்பு கிடைத்ததும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை பார்த்த காட்சிதான். ஆனால் அன்று நான் அதை ஏணியாகப் பார்த்தேன். ஏணிக்கும் மரத்துக்கும் நடுவே, ஏணியின் இடுப்பில் ஒரு முட்டு இருந்தால்? அடி தரையில், நுனி மரத்தில், நடுவில் ஒரு கவை மரத்தண்டில் பதிந்து நிற்க, எட்டு மீட்டர் நீளம் நான்கு நான்கு மீட்டராகப் பிரிந்துவிடும். மனிதனின் எடை ஏணியை மரத்தை நோக்கித்தான் அழுத்துகிறது என்பதால், முட்டுக்கவை தானாகவே மரத்தில் அழுந்திக்கொள்ளும்.

கணக்குப் போட்டபோது வந்த விடையை நானே மூன்று முறை சரிபார்த்தேன். நடுவில் முட்டு வைத்தால், ஏணியை வளைக்கும் விசை முன்பிருந்ததில் நூற்றுக்கு நாற்பது பங்காகக் குறைகிறது. ஏணி எவ்வளவு தொய்கிறது என்பது நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது; ஆகவே அது அதைவிட வேகமாகக் குறைகிறது. 50 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள அலுமினியக் குழாயில் எட்டு மீட்டர் ஏணி செய்தால் தண்டு மட்டும் 9.6 கிலோ வரும். முட்டு இல்லாமல் நடுவில் ஆள் நிற்கும்போது அது 23 சென்டிமீட்டர் தொய்யும். முட்டு வைத்துவிட்டு 38 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய்க்கு இறங்கினால், உலோகத்துக்குள் ஏற்படும் தகைவு, அதாவது அதன் ஒவ்வொரு சிறு இடமும் தாங்க வேண்டிய பாரம், ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கிறது. தண்டின் எடை 4.9 கிலோவாகிறது, தொய்வு 7 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. முட்டுக்கவையின் மீது விழும் சுமை அதிகபட்சம் அந்த 19 கிலோதான். அதைத் தாங்க முக்கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள கவை தேவையில்லை.

முதலில் அலுமினியத்தில்தான் செய்தேன், பட்டறையில் அதுதான் கைக்கு வரும் பொருள். படிகளை வெல்டிங் செய்யாமல் குழாயில் துளையிட்டுச் செருகி ரிவெட் அடித்தேன். நாங்கள் வாங்கும் வகை அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் வலு பாதியளவுக்குக்கூடக் குறைந்துவிடும். ஏணி பளபளப்பாக வந்தது. மலைக்குக் கொண்டுபோய் மாமாவின் முன்னால் ஒரே கையால் தூக்கிக் காட்டினேன். மாமா அதைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு தலையை உயர்த்தித் தோட்டத்தின் மேலே போகும் மின்கம்பியைப் பார்த்தார். “கம்பி போற தோட்டத்துல இத எப்படி நிமுத்தறது மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் முதலிலேயே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். மலைத்தோட்டங்களின் மீது 11,000 வோல்ட் கம்பிகள் மரங்களுக்கு நடுவே போகின்றன. குடகுப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில், மிளகு பறிக்க நிமிர்த்திய அலுமினிய ஏணி கம்பியில் பட்டுத் தொழிலாளர்கள் இறந்த செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. ஏணி இலேசாக இருப்பதே அங்கே ஆபத்தைக் கூட்டுகிறது. கனமான ஏணியை ஒருவர் பார்த்துப் பார்த்து நிமிர்த்துவார், இலேசான ஏணியை அண்ணாந்து பார்க்காமலே சட்டென்று தூக்கிவிடுவார். அந்த அலுமினிய ஏணியை அன்றே கீழே கொண்டுவந்துவிட்டேன். இன்று வரை அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

முட்டுக்கவை என்ற யோசனைக்கு அலுமினியம் தேவையே இல்லை என்பது பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போதுதான் உறைத்தது. முட்டு வைத்தால் மெல்லிய குழாய் போதும் என்றால், மெல்லிய மூங்கிலும் போதும்தானே. மாமாவின் பழைய ஏணி நடுவில் 75 மில்லிமீட்டர் பருமன். கணக்குப்படி 55 மில்லிமீட்டர் மூங்கில் முட்டுக்கவையோடு ஏறக்குறைய அதே வலுவைத் தரும். அந்தப் பருமனில் நேரான மூங்கில் கிடைப்பது எளிது, விலையும் குறைவு, காய்ந்தால் எடையும் குறைவு. காய்ந்த மூங்கில் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் பச்சை மூங்கிலையும் மழையில் நனைந்த மூங்கிலையும் நம்பக் கூடாது, அவை கடத்தும். ஆகையால் மூங்கில் ஏணியானாலும் கம்பிக்குக் கீழே உள்ள மரங்களை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில்தான் பறிக்கிறோம்.

மூங்கிலைத் தேர்ந்தெடுப்பதில் மாமாதான் ஆசிரியர். மூன்று வயதுக்குக் குறைந்த மூங்கிலை அவர் தொடவே மாட்டார். இளம் மூங்கில் காய்ந்ததும் சுருங்கிச் சுருக்கம் விழும், உளுத்தும் போகும். வெட்டிய மூங்கில்களை ஓடைநீரில் சில வாரங்கள் கல் வைத்து ஊறப் போட்டோம். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் உளுப்புவண்டு வருகிறது. நீரில் ஊறினால் அது கரைந்து வெளியேறிவிடும். பிறகு நிழலில் நிமிர்த்தி வைத்து, கோடை முழுவதும் காயவிட்டோம். ஊறியபோது இருவர் தூக்க வேண்டியிருந்த தண்டை ஆனி மாதத்தில் நான் ஒருவனே தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

துளையிடுவதில் எனக்கும் அவருக்கும் சிறு விவாதம் நடந்தது. மூங்கிலின் வலுவில் பெரும்பகுதி வெளித்தோலை ஒட்டித்தான் இருக்கிறது. உள்ளே போகப் போக நார்கள் அருகிவிடும். அந்தத் தோலைத் துளைப்பது பாவம் என்பது என் எண்ணம். ஆகவே துளையே வேண்டாம், படிகளை வெளியே வைத்துக் கட்டிவிடலாம் என்றேன். கட்டு நாளடைவில் நழுவும் என்றார் அவர். கடைசியில் கணக்கும் அவர் பக்கமே சாய்ந்தது. ஏணி மரத்தை நோக்கி வளையும்போது, ஏறுபவரைப் பார்த்த அதன் முன்பக்கத் தோல் ஒன்றோடொன்று நெருங்கி அழுந்துகிறது, பின்பக்கத் தோல் இழுபடுகிறது, இடதும் வலதுமான பக்கவாட்டுத் தோலில் இரண்டும் இல்லை. படிக்குச்சி நுழையும் துளைகள் சரியாக அந்தப் பக்கவாட்டில்தான் வருகின்றன. அதாவது பெரியவர்கள் துளையிட்ட இடம் தண்டுக்கு மிகக் குறைந்த சேதம் தரும் இடம். கணுவை ஒட்டித் துளையிடும் வழக்கத்துக்கும் காரணம் உண்டு: கணுவில் உள்ள தடுப்பு, பிளவு மேலே ஓடாமல் நிறுத்திவிடுகிறது. நான் செய்ததெல்லாம் ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழும் கம்பியால் இறுக்கமாக நாலு சுற்று சுற்றியது மட்டும்தான்.

இனி முட்டுக்கவை. அது ஒரு மீட்டர் நீளமுள்ள கல்மூங்கில் துண்டு. ஒரு முனையில் பட்டறைத் தகட்டில் செய்த கீல் இருக்கிறது. அது ஏணித் தண்டைத் துளைக்காமல் பட்டையாகச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. மறுமுனையில் உண்டிவில்லின் கவட்டைபோல விரிந்த இரண்டு கைகள். ஏணியைச் சுமக்கும்போது கவையைத் தண்டோடு மடக்கி ஒரு கொக்கியில் மாட்டிவிடலாம். இந்தக் கொக்கி இல்லாமல் முதல் நாள் கொண்டுபோனபோது நடக்கும்போதெல்லாம் கவை அவிழ்ந்து வந்து மாமாவின் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஆனால் முதல் கவையில் பெரிய குறை வேறு ஒன்று இருந்தது. மிளகுக் கொடி கணுவுக்குக் கணு பற்றுவேர் விட்டு மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. என் கவையின் கைகள் வெறும் இரும்புத் தகடாக இருந்ததால், அழுத்தம் விழுந்ததும் அவை கொடியை நசுக்கி, பற்றுவேரைப் பட்டையிலிருந்து உரித்துவிட்டன. ஒரே நாளில் நான்கு மரங்களில் கொடி தொங்கிப்போனது. உரிந்த வேர் மறுபடியும் பிடிக்காது. அந்தக் கொடியின் மேல்பகுதி மெல்ல வாடிவிடும். மாமி ஒன்றும் சொல்லவில்லை, சணலைக் கொண்டுவந்து ஒவ்வொரு கொடியையும் மரத்தோடு சேர்த்துக் கட்டினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. அடுத்த வாரம் கவையின் கைகளை இரண்டு மடங்கு அகலமாக்கி, உள்பக்கம் பழைய லாரி டியூபைப் பல மடிப்பாக மடித்து வைத்துத் தைத்தேன். 19 கிலோ இப்போது உள்ளங்கை அகலமுள்ள இரண்டு ரப்பர் மெத்தைகளில் பரவி இறங்குகிறது. கவையை வைக்குமுன் கொடியின் தடித்த தண்டு எங்கே போகிறது என்று பார்த்து, அது இரண்டு கைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வரும்படி ஏணியைச் சற்றே திருப்பி வைக்கவும் பழகிக்கொண்டோம்.

கவை இருந்தும் உருளும் ஆபத்து முழுவதும் போய்விடவில்லை. ஒருபக்கப் படியில் மட்டும் எடை விழும்போது தண்டு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். மெல்லிய தண்டு பக்கவாட்டில் நெளியவும் பார்க்கும். கவை மரத்தில் வெறுமனே சாய்ந்திருந்தால் இந்த இரண்டையும் தடுக்காது. மரத்தோடு கட்டப்பட்டிருந்தால்தான் தடுக்கும். லாரியில் சரக்கை இழுத்துக் கட்டும் நாடாவில் ஒரு துண்டை வெட்டிக் கவையின் ஒரு கையில் தைத்து, மறு கையில் பிடிப்பானை வைத்தேன். ஏறும்போது கவை நெஞ்சுக்கு நேராக வரும் படியில் நின்று நாடாவை மரத்தைச் சுற்றி எடுத்து இறுக்க வேண்டும். நாடா கட்டாமல் அதற்கு மேல் ஒரு படிகூட ஏறக் கூடாது என்பதை மாமாவிடம் நான் கெஞ்சியே கேட்டுக்கொண்டேன். முட்டு வைத்ததால் தண்டை மெல்லியதாக்கியிருக்கிறேன். ஆகவே இந்த ஏணியில் முட்டும் கட்டும் கூடுதல் வசதி அல்ல, ஏணியின் உடம்பே அவைதான்.

கவை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில் என் கணக்கை மாமா திருத்தினார். நான் சரிபாதியில், நான்கு மீட்டரில் வைத்திருந்தேன். குழாய்க்கு அதுதான் சரி, ஏனென்றால் குழாய் அடிமுதல் நுனிவரை ஒரே பருமன். மூங்கில் அப்படி அல்ல. மாமா இரண்டு நாள் ஏறிப் பார்த்துவிட்டு, “கீழ கெட்டியா இருக்குது, மேலதான் துள்ளுது. முட்ட கொஞ்சம் மேல தள்ளு” என்றார். அடிப்பகுதி பருத்திருப்பதால் அது நீண்ட இடைவெளியையும் தாங்கும், மெலிந்த நுனிப்பகுதிக்குத்தான் குறுகிய இடைவெளி வேண்டும். அடியிலிருந்து நாலரை மீட்டரில் வைத்ததும் மேலே இருந்த துள்ளல் கண்கூடாகக் குறைந்தது. நான் காகிதத்தில் மூங்கிலை எழுதியபோது அதைக் குழாயாக நினைத்துவிட்டேன், அவர் உள்ளங்காலால் அதை மூங்கிலாகவே அறிந்திருந்தார்.

ஆள் ஏறுமுன் சோதித்தோம். ஏணியை ஒரு மரத்தில் சாய்த்து, கவையைக் கட்டி, மேல்பாதியின் நடுவில் 150 கிலோ மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு ஓர் இரவு முழுவதும் விட்டுவைத்தோம். மறுநாள் கீழ்பாதியின் நடுவிலும் அதேபோலச் செய்தோம். மூட்டைகளை இறக்கியதும் தண்டு பழைய நேருக்கே திரும்பியது. துளைகளை ஒட்டி மயிரிழை அளவுக்கு வெடிப்பு இருக்கிறதா என்று ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வெடிப்பு இருந்தால் ஈரம் அதில் இறங்கிக் கருப்புக் கோடாகத் தெரியும். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்கிறோம்.

படிகள், கவை, நாடா எல்லாம் சேர்த்துப் புதிய ஏணி 9 கிலோ இருக்கிறது. பழைய ஏணியைவிட 6 கிலோ குறைவு. மாமா இந்தப் பருவத்தில் முதல் நாள் காலையில் பறித்த மரங்களை நான் எண்ணினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் பதினாறு. பதினாறு முறை தூக்கி, பதினாறு முறை நிமிர்த்தி, பதினாறு முறை இறக்கி. ஒவ்வொரு முறையும் 6 கிலோ குறைவாக. அன்று மாலை கடைசி மரத்திலிருந்து அவர் இறங்கியபோது கீழே நின்று நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படியையும் விரலால் தேடித்தேடி வைக்காமல், காலையில் வைத்ததுபோலவே நேராக வைத்து இறங்கினார்.

இந்த ஏணி பொருந்தாத மரங்களும் உண்டு. தண்டு வளைந்த மரத்தில் கவை சரியாகப் பதியாது. நடுவில் கிளை பிரிந்திருந்தாலும் அப்படியே. ஒரு சாணுக்கும் மெலிந்த இளமரத்தில் கவையின் அழுத்தத்துக்கு மரமே வளைந்துகொடுக்கிறது. அந்த மரங்களுக்கெல்லாம் ஐந்து மீட்டர் ஏணி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். அதற்கு முட்டு தேவைப்படவில்லை. ஊன்றுகுழியும் இன்னும் எனக்கு நிறைவு தரவில்லை. மூங்கிலின் அடியில் இரண்டு பற்கள் உள்ள இரும்புப் பூண் மாட்டியிருக்கிறேன். காய்ந்த மண்ணில் அது நன்றாகப் பிடிக்கிறது. சருகு மூடிய ஈர மண்ணில் சருகோடு சேர்ந்து வழுக்குகிறது. இப்போதைக்கு, ஏணி வைக்குமுன் மண்வெட்டியால் சருகை ஒதுக்கி ஒரு வெட்டு வெட்டிக்கொள்கிறோம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் தங்களுக்கும் செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மூங்கிலை அவர்களே வெட்டி ஊறப் போட்டிருக்கிறார்கள். கீலும் கவையும் நான் பட்டறையில் செய்துகொண்டிருக்கிறேன். நாடாவின் இரும்புப் பிடிப்பானை மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. அதை இறுக்க இரண்டு கைகள் வேண்டும், ஏணியில் நிற்பவர் ஒரு கையை எப்போதும் தண்டில் வைத்திருக்க வேண்டும். மாமா அதைக் கழற்றி வைத்துவிட்டு, நாடாவின் நுனியில் தேங்காய்நார்க் கயிற்றைக் கோத்து, ஒரே கையால் போட்டு ஒரே இழுப்பில் அவிழ்க்கும் ஒரு முடிச்சைப் போடுகிறார். அந்த முடிச்சைப் போன வாரம் எனக்கு நான்கு முறை செய்து காட்டினார். இரண்டு முறை சரியாக வந்தது.